நமாசூரா உதைத்த புகைபோக்கி

"என் கடையில என்ன குறைன்னு கேக்கறேன்! பாய்க்கடையை மிதிக்குது, டோஃபு கடையை மிதிக்குது, என் கடைகிட்ட வந்தா மட்டும் காலைத் தள்ளி வெச்சுக்கிட்டுப் போகுதா அந்தப் பூதம்?"

இமாய் அம்மாளின் குரல் நாரைக் குளியலகத்தின் பீங்கான் ஓட்டுச் சுவர்களில் முட்டித் திரும்பி வந்து எல்லோரையும் இன்னொரு தடவை திட்டியது. வெந்நீர்த் தொட்டியில் இன்னும் தண்ணீர் விடவில்லை. பிற்பகலில் கதவு திறக்கும் வரை, ஆண்கள் உடை மாற்றும் கூடம்தான் எங்கள் கடைத்தெருச் சங்கத்துக்குக் கூட்ட அறை.

"அக்கா, மிதிக்காம விட்டா நல்லதுதானேன்னு..." என்று இழுத்தான் அரிமுரா. கூடத்தின் நடுவில் முழங்கால் மடித்து, குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கு நல்லது? தெருவுல எல்லார் கழுத்துலயும் துண்டு தொங்குது. நான் மட்டும் வெறுங்கழுத்தோட நிக்கறேன், நேத்து குடிவந்தவ மாதிரி!"

எல்லாம் அந்தத் துண்டு செய்த வேலை.

அரிமுரா தெருக்கோடி மாடி அறையில் தனியாக இருப்பவன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சினிமா ஸ்டூடியோவில் ஊர்களைச் சின்னதாகச் செய்வது அவன் வேலை. பாலம், கோபுரம், ரயில் நிலையம் எல்லாம் இடுப்புக்குக் கீழே. மாதக்கணக்கில் அவன் கட்டுவதை, ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆள் புகுந்துகொண்டு நாலு எட்டில் மிதித்துத் தீர்த்துவிடுவான். அந்த வருடத்துப் புத்தாண்டுப் படத்தில் பூதத்தின் பெயர் நமாசூரா. ஏரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த ராட்சதக் கெளுத்தி மீன், எழுந்து வந்து தலைநகரை நாசம் செய்கிற கதை. கெளுத்திக்குக் கால் எப்படி முளைத்தது என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நம் தெருவுக்கு வருமா என்றுதான் கேட்டார்கள்.

வந்தது. கடைத்தெரு ஒன்று வேண்டும் என்று இயக்குநர் சொன்னதும், தூரம் போய் அளவெடுக்கச் சோம்பல்பட்டு, அரிமுரா எங்கள் தெருவையே அளந்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை, விடவில்லை. கூரைக்கு ஓடு மாற்றுவதானால்கூட, பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கைத்துண்டும் கும்பிடுமாகப் போய், "சத்தமா இருக்கும், பொறுத்துக்கணும்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற ஊர் எங்களுடையது. ஓடு மாற்றவே துண்டு என்றால், கடையை அடியோடு நசுக்க? புதுத் துண்டுகளை வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, நமாசூரா கால் வைக்கப்போகிற கடை ஒவ்வொன்றுக்கும் போனான்.

"அடுத்த மாசம் உங்க கடையை மிதிக்கவேண்டியிருக்கு. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வாங்கியவர்கள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வேலையில்லாமல் தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். சென்பே அப்பளம் சுட்டு விற்கிற இமாய் அம்மாளின் கடை, பூதத்தின் பாதையிலிருந்து ஒரு சாண் விலகி இருந்தது. அதற்குத் துண்டு போகவில்லை. அதுதான் இந்தக் கூட்டம்.

"சரி, சரி. அக்கா கடையையும் மிதிக்கச் சொல்றேன்" என்றான் அரிமுரா.

"வேண்டா வெறுப்பா மிதிக்கறதுன்னா வேண்டாம்!"

"இல்லக்கா, மனசாரத்தான் மிதிப்பாங்க."

"ஏய், நிறுத்துங்க" என்றார் தொகாஷி. குளியலகத்தின் முதலாளி. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார்; அதிலேயே பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். "துண்டு எனக்கும் வந்துச்சு. துணி நல்லாத்தான் இருக்கு. என் புகைபோக்கி எத்தனாவதா விழுது? அதைச் சொல்லு தம்பி."

அரிமுரா இன்னும் பணிவாகக் குனிந்தான். காரணம் இருந்தது. தொகாஷியின் மகள் மினேகோவைக் கேட்டு, அந்த இலையுதிர்காலத்தில்தான் அவன் பாய்க்கடை ஒசாதாவைத் தூது அனுப்பியிருந்தான். "உடையறதுக்குன்னே வீடு கட்டறவன், என் பொண்ணுக்கு என்ன குடும்பம் கட்டித் தருவான்?" என்று கேட்டு, தேநீர்கூடத் தராமல் தூதைத் திருப்பி அனுப்பியிருந்தார் தொகாஷி.

"நடுவுல விழுதுங்க" என்றான் அரிமுரா.

"நடுவுலயா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதுக் குளியலகம் வந்ததுலேர்ந்து, நம்ம ஆளுங்க பாதிப் பேர் துண்டும் சோப்புமா அங்க ஓடறானுங்க. நீல ஓடாம், குளிர்ந்த பாலாம். நாடு முழுக்கத் திரையில பாக்கட்டும். என் புகைபோக்கி விழணும். அதுல 'நாரை'ன்னு பேரு பெரிசாத் தெரியணும். அது நடந்துச்சுன்னா பொண்ணைத் தர்றேன். தெரு முன்னாடி சொல்றேன். விழலைன்னா, இந்தப் பேச்சே இனி எடுக்கக் கூடாது."

எல்லாத் தலைகளும் கல்லா மேடைப் பக்கம் திரும்பின. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருசேரத் தெரிகிற அந்த உயரமான பலகை மேல் உட்கார்ந்து, மினேகோ கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அதை வெட்கம் என்று அரிமுரா எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பிடித்தது சனி.

இமாய் கடையைப் பாதைக்குள் இழுத்தான். அது உள்ளே வந்ததும் ஒசாதாவின் பாய்க்கடை வெளியே போனது. ஒசாதா துண்டை மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"இந்தா தம்பி. உனக்காகப் போய் அந்த ஆள்கிட்ட தேநீர்கூட இல்லாம உக்காந்துட்டு வந்தேன். எனக்கு நீ செய்யற மரியாதை இதுதானா?"

"அண்ணே, உங்க கடையை வாலால அடிக்கச் சொல்றேன். கால்ல மிதிக்கறதைவிட வால் விசேஷம்."

"வாலா?" ஒசாதா யோசித்தார். "இமாய் கடைக்கு வால் கிடையாதே?"

"கிடையாதுண்ணே."

ஒசாதா துண்டைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆனால் வாலைச் சுழற்ற வேண்டுமானால் நமாசூரா திரும்பி நிற்க வேண்டும். திரும்பி நின்றால் புகைபோக்கி முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால் குளியலகத்தைத் தூக்கி எதிர்ச்சாரியில் வைத்தான். அங்கே வைத்ததும் அது டோஃபு கடையை மறைத்தது. டோஃபு கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. அவன் வீட்டுக்கு டோஃபு வருவது மட்டும் நின்றது.

இதற்கிடையில் சகாகியைச் சொல்ல வேண்டும். நமாசூராவின் வயிற்றுக்குள் இருப்பவன் அவன்தான். நெடிய ஆள், வாய் திறந்தால் மரியாதை தவிர வேறு வராது. உடுப்பைக் கழற்றியதும் நேரே நாரைக் குளியலகத்துக்குத்தான் வருவான், ஒரு நாள் தவறமாட்டான். கல்லாவில் சில்லறை எடுத்துக் கொடுக்க மட்டும் மற்றவர்களைவிட ரொம்ப நேரம் ஆகும். பாவம், அத்தனை கனமான ரப்பரைச் சுமந்து சுமந்து விரல் நடுங்குகிறது என்று தெரு பரிதாபப்பட்டது.

படப்பிடிப்புக்குச் சில நாள் முன்பு தொகாஷி மகளோடு ஸ்டூடியோவுக்கு வந்து இறங்கினார். தன் தெருவைக் குனிந்து பார்த்தார். கொடிகள், அஞ்சல் பெட்டி, இமாய் கடை வாசலில் கடுகளவு சென்பே. முகம் மலர்ந்தது. பிறகு தன் புகைபோக்கியைப் பார்த்தார். அதில் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். 'டொக்' என்றது.

"இது என்ன, உள்ள ஒண்ணுமே இல்லையே? குறுக்க வேற அறுத்து வெச்சிருக்கே?"

"உடைய வேண்டியதை முன்கூட்டியே அறுத்து வெச்சாத்தாங்க, கால் பட்டதும் அழகா விழும். தொழில் முறைங்க அது."

"கால் பட்டதும் விழுமா?" தொகாஷியின் கழுத்து நரம்பு புடைத்தது. "பெரிய நிலநடுக்கத்துல ஊரே படுத்துருச்சு, இது நின்னுச்சு. போர்ல ராத்திரி பகலா குண்டு விழுந்துச்சு, அப்பவும் இது நின்னுச்சு. ஒரு கெளுத்தி மீன் கால் பட்டதும் விழுந்துரும்கறியா?"

"விழணும்னு நீங்கதானேங்க..."

"விழணும்! ஆனா கேவலமா விழக் கூடாது!"

தொகாஷி வெளியே போய் நின்றுகொண்டார். மினேகோ மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். அவள் தன்னோடு தனியாகப் பேசியது அரிமுராவுக்கு அதுதான் முதல் தடவை.

"அப்பா அப்படித்தான். உள்ள ஏதாவது கொஞ்சம் பலமா வெச்சுப் பாருங்களேன். முதல் உதையில நின்னு, ரெண்டாவதுல ஆடி, மூணாவதுல விழட்டும். அவருக்கும் மனசு ஆறும்."

"பலமான்னா... மூங்கில் வைக்கலாங்களா?"

"எங்க கொதிகலன்லேர்ந்து கழட்டின பழைய இரும்புக் குழாய் ஒண்ணு கிடக்கு. நானே கொண்டாந்து தர்றேன்."

மறுநாள் பூப்போட்ட துணியில் முடிந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பெண்கள் காதலனுக்குக் கட்டுச்சோறு முடிந்து தருவார்கள். இவள் இரும்புக் குழாய் தருகிறாள், எவ்வளவு கருத்தான பெண் என்று அரிமுராவுக்குக் கண் கலங்கியது. குழாயைப் பிளாஸ்டருக்குள் வைத்து, மூன்றாவது உதையில் கழன்றுவிடும்படி அடியில் மெல்லிய மரச் சக்கை மட்டும் சொருகினான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

படப்பிடிப்பு நாளன்று தெருவே கடையைச் சாத்திவிட்டு வந்தது. கட்டுச்சோற்றுப் பெட்டிகளோடு பின்சுவர் ஓரம் வரிசையாக நின்றார்கள், எல்லார் கழுத்திலும் துண்டு. எடுப்பது ஒரே தடவைதான். உடைந்ததைத் திரும்பக் கட்டப் புத்தாண்டுக்குள் நேரமில்லை என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். உடுப்பு தைக்கும் நோபுவே சகாகியை முதுகு வழியாக உள்ளே தள்ளி மூடினாள். உடுப்பு அறைக்காரர்கள் சின்ன ஊர் செய்கிற அறைப் பக்கம் வருவதில்லை, ஊர் செய்கிறவர்கள் அங்கே போவதில்லை. அரிமுரா நமாசூராவை முழுதாக எழுந்து நின்று பார்த்ததே அன்றுதான். மீசை ஆடியது. ஒரு பாதமே குழந்தைத் தொட்டில் அளவு இருந்தது.

"பாத்து உதைங்க சகாகி அண்ணே. மூணாவதுதான் கணக்கு."

நமாசூராவின் கழுத்திலிருந்த ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உங்க புகைபோக்கியை நான் மறப்பேனாங்க?"

காமிரா ஓடியது. பூதம் வந்தது. இமாய் கடை நசுங்கியது. இமாய் அம்மாள் கைதட்டினாள், "உஷ்!" என்றது ஒலிபெருக்கி. வால் சுழன்றது, பாய்க்கடை பறந்தது. ஒசாதா கண்ணை மூடிக் கும்பிட்டார். நமாசூரா திரும்பி, புகைபோக்கிக்கு எதிரே போய் நின்றது.

முதல் உதை. நின்றது. "பாத்தியா!" என்று தொகாஷி பக்கத்து ஆளை இடித்தார்.

இரண்டாவது உதை. பிளாஸ்டர் தூள் பறந்தது. புகைபோக்கி ஆடவே இல்லை. இரண்டாவதில் ஆட வேண்டுமே என்று அரிமுரா எட்டிப் பார்த்தான்.

மூன்றாவது உதை. ரப்பருக்குள்ளிருந்து ஓர் அலறல். ஏரிக்கடியில் யுகயுகமாகத் தூங்கி எழுந்த நமாசூரா, இரண்டு கையாலும் தன் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் பின்வாங்கியது. ரயில் நிலையத்தின் மேல் தடுக்கியது. பல்பொருள் அங்காடியைக் கட்டிக்கொண்டது. அதையும் இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்து, பாலம், கோபுரம், பின்னால் தொங்கிய மலை ஓவியம் எல்லாவற்றையும் சுருட்டித் தரைமட்டமாக்கியது. தூசி அடங்கியபோது அத்தனை பெரிய தலைநகரில் நின்றுகொண்டிருந்தது ஒன்றுதான். புகைபோக்கி. அதில் 'நாரை' என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"கட்டைவிரல்! ஐயோ, கட்டைவிரல் போச்சு!" என்று இடிபாடுகளுக்குள்ளிருந்து கதறினான் சகாகி.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தரையில் அடித்தார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்தார். பிறகு கதை எழுதுபவரைக் கூப்பிட்டார். படத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான்: மனிதனுடைய உழைப்பின் முன் தலைகுனிந்து பூதம் ஏரிக்குத் திரும்புகிறது.

புத்தாண்டில் படம் வந்தது. நமாசூராவையே புரட்டிப் போட்ட புகைபோக்கியைப் பார்க்க நகரத்தின் நாலு மூலையிலிருந்தும் ஜனம் வந்தது. வந்தவர்கள் சும்மா போகவில்லை, குளித்துவிட்டுப் போனார்கள். நீல ஓட்டுக் குளியலகத்தில் ஈ ஆடியது. தொகாஷி, புகைபோக்கியின் அடியில் கோயிலில் கட்டுவதுபோல் ஒரு வைக்கோல் கயிறு கட்டி, கும்பிட வசதி செய்து வைத்தார். சந்தோஷத்தில் அவர் மனசு இளகியதும் உண்மைதான். ஒரு மாலை, தெருவே கேட்க, கல்லா மேடையைப் பார்த்துச் சொன்னார்:

"விழலைன்னாலும் பையன் நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான். என்னம்மா, குடுத்துரலாமா?"

"அப்பா," என்றாள் மினேகோ, சில்லறை எண்ணியபடியே, "விழலைன்னா பேச்சே எடுக்கக் கூடாதுன்னு தெரு முன்னாடி சொன்னீங்களே. நாரைக் குளியலகத்துக்காரர் வார்த்தை மாறினார்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

தொகாஷி தொண்டையைச் செருமினார். வார்த்தை தவறாதவர் என்ற பெயரை மகள் ஞாபகப்படுத்திய பிறகு அவரால் என்ன செய்ய முடியும்?

அரிமுராவுக்கு அழக்கூட நேரமில்லை. சகாகியின் விரல் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. குழாய் வைத்த பாவி தான்தானே? மருத்துவரிடம் வர சகாகி மறுத்துவிட்டான். "வெந்நீர்தாங்க மருந்து. தினம் நாரையில கொஞ்ச நேரம் ஊற வெச்சா சரியாயிரும்." பாதத்தில் வெள்ளை முள்ளங்கி கனத்துக்குக் கட்டு. அரிமுரா மாலைதோறும் அவனை முதுகில் சுமந்துகொண்டு, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு தெரு வழியே வருவான். கல்லா முன் இறக்கி வைப்பான்.

"மினேகோ, அவரைக் கொஞ்சம் பாத்துக்கங்க. என்னாலதான் அவருக்கு இந்தக் கதி."

"பாத்துக்கறேன்" என்பாள் அவள்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்பான் சகாகி, மரியாதையாக.

"என்னப்பா, கெளுத்தி கனமா இருக்கா?" என்று பாய்க்கடையிலிருந்து ஒசாதா கேட்பார். குளிர்காலம் முழுக்க இப்படிப் போனது. திரும்பிப் போகும்போது சகாகி இன்னும் கனத்தான். ஆரஞ்சுப் பழம் என்று நினைத்தார்கள். இமாய் அம்மாளின் சென்பே என்று பிறகு தெரிந்தது. மினேகோ தினம் வாங்கி வைத்திருந்தாள்.

செர்ரி பூத்தபோது சகாகிக்கும் மினேகோவுக்கும் கல்யாணம் நடந்தது. அடிபட்ட காலைக் கவனித்துக் கவனித்து மனசு ஒட்டிவிட்டது என்று தெரு சொன்னது. அரிமுராவும் அதையே சொல்லிக்கொண்டான், கொஞ்சம் பெருமையாகக்கூட. தான் செய்த கெடுதலிலிருந்து ஒரு நல்லது விளைந்ததே. சக்கை வைத்த இடத்தில் கோளாறாகிவிட்டது என்று விருந்தில் எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். தம்பதி இருவரும் சகாகியின் சித்தப்பா விடுதி வைத்திருக்கிற வெந்நீர் ஊற்று ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்போது வீட்டுக்கு வீடு துண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அரிமுராவுக்கு மட்டும் இரண்டு.

தொகாஷி கல்லாவுக்கு ஆள் தேடிக் கடைசியில் இமாய் அம்மாளை உட்காரவைத்தார். ஒசாதா பாய்க்கடையை விற்றுவிட்டு மகனோடு சிபா பக்கம் போனார்; வால் அடித்த கடை என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கே போனது என்கிறார்கள். டோஃபு மறுபடி வரத் தொடங்கியது.

அரிமுரா அடுத்த ஆண்டு நோபுவேயை மணந்தான். இப்போது ஆற்றங்கரைப் பக்கம் வீடு, இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் கல்யாணத்துக்குத் தூது என்று யாரும் போகவில்லை. மினேகோ ஊரை விட்டுப் போன மறுவாரம், அடுத்த நமாசூரா படத்துக்கு வேலை தொடங்கிய அன்று, அரிமுரா முதல்முறையாக உடுப்பு அறைப் பக்கம் போனான். கையில் ஒரு துண்டு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றியது. நோபுவே மடியில் பூதத்தின் வலது பாதத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, போன தடவைபோல இனி வரும் ஆளுக்கும் விரலில் அடிபடாமல், முன்பக்கம் கொஞ்சம் தடிமனாக ஏதாவது வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டான். நோபுவே ஊசியை நிறுத்தினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாதத்தின் தையலைப் பிரித்து, அவன் கையைப் பிடித்து முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"நல்லாத் துழாவிப் பாருங்க. முன்னாடி முக்கால்வாசியும் நான் அடைச்ச பஞ்சுதான். சகாகி கால் இங்க, பின்னாடி, குதிகால் பக்கத்துலயே முடிஞ்சிரும். அந்த ஆளு எந்தக் கட்டைவிரலைச் சொல்லிக் கத்தினான்?"